கேஸ்கட்டுக்கு வைத்த மஞ்சள்

எங்கள் லாரிக்குத் தாகம் அதிகம் என்பது செஞ்சி பஜாரில் எல்லாருக்கும் தெரியும். திருவண்ணாமலை ரோட்டில் எந்த ஏரிக்கரையில் இறங்கினால் தண்ணீர் மொள்ளலாம், எந்தக் கிணற்றுக்காரர் திட்டாமல் மொள்ள விடுவார் என்பதெல்லாம் என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மனப்பாடம். கேபினில் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் குடங்கள் உருண்டுகொண்டிருக்கும். மற்ற லாரிக்காரர்கள் நைனாவைக் கண்டால், "இன்னா, இன்னிக்கி எத்தினி குடம் குடிச்சிது?" என்று கேட்பார்கள். நைனா சிரித்துவிட்டுப் போவார். பதில் சொல்வதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா?

மரக்கூண்டு வைத்த பழைய லாரி அது. யாரோ ஓட்டிக் களைத்து விற்றதை நைனா வாங்கினார். அவரும் யார் யாருக்கோ ஓட்டிக் களைத்தவர்தான். ரெண்டு களைப்பும் ஜோடி சேர்ந்துவிட்டது என்று என் மாமா சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிக்கெட் கிழித்த பழக்கம்தான். ஆனாலும் லாரியில் ஏதாவது கோளாறு என்றால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிற ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பங்குனியில் லாரி குடித்த தண்ணீரெல்லாம் எங்கேயோ காணாமல் போக ஆரம்பித்தது. கீழே ஒழுகவும் இல்லை. நைனா ஒருநாள் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. அதை மாமாவிடம் காட்டினார்.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சி மாப்ள."

"போச்சா," என்றார் மாமா, தெரிந்த மனிதர் இறந்த செய்தியைக் கேட்டவர்போல.

கேஸ்கட் என்றால் என்ன என்று நைனா எனக்குச் சொல்லியிருக்கிறார். எஞ்சினுக்கு அடிப்பாகம் ஒன்று, அதற்கு மூடிபோல ஹெட் என்று மேல்பாகம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அப்பளம்போல மெல்லிசாக, ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. எஞ்சினுக்குள் நெருப்பும் எண்ணெயும் தண்ணீரும் ஆளுக்கொரு வழியில் போகின்றன. ஒன்றின் வழிக்கு இன்னொன்று வராமல் காப்பது அந்தத் தகடுதான். அது கெட்டால் மூன்றும் கலந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் சுவர் இடிந்த மாதிரி என்றார் மாமா.

பட்டறையில் விட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கோ புதன்கிழமை காலைக்குள் லாரி ஓடியாக வேண்டும். அவலூர்பேட்டை மண்டிக்காரர் ஒருவர் அந்தப் பருவத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டைகள் முழுவதையும் மில்லுக்கு ஏற்றிப் போக நைனாவிடம் பேசி வைத்திருந்தார். லாரி படுத்துவிட்டது என்று அவர் காதுக்கு எட்டியதும் மொபெட்டில் வீடு தேடி வந்துவிட்டார். நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"பொதங்கெழம காலையில லாரி வந்து நிக்கணும்பா. நிக்கலன்னா நான் வேற லாரி வெச்சிக்குவேன். நீ தப்பா நெனச்சிக்கக் கூடாது."

"நிக்கும்ண்ணே," என்றார் நைனா.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நைனா லாரியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழையபடி பம்பாய் லைனுக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த லைனில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை மாதக்கணக்கில் வராமல் இருந்து, தாடியும் மீசையுமாக வந்து சேர்ந்தபோது, நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டேனாம். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் சொந்த லாரி வாங்கும் எண்ணமே நைனாவுக்கு வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆகவே வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில், புளியமரத்தடியில் லாரியை நிறுத்தி, நைனாவே பிரிக்க ஆரம்பித்தார்.

செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. சுற்றிலும் பாறை. பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட சூட்டை, சூரியன் இறங்கிய பிறகு மலைகள் நிதானமாகத் திருப்பித் தரும். அந்தச் சூட்டில் நைனா எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். நிமிரும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா முருகா" என்பார். வால்வைத் தள்ளுகிற கம்பிகள் வரிசை மாறக் கூடாது என்று ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டைகள் போட்டு, கழற்றிய வரிசையிலேயே அவற்றைச் செருகி வைத்தார். நட்டுகளைப் போட ஏதாவது பாத்திரம் கேட்டார். மாமா உள்ளே போய் எடுத்து வந்தார்.

"டேய், அது சோறு வடிக்கிற தட்டுடா," என்றாள் அம்மா.

"சோறு வேணும்னாதான்க்கா இது," என்றார் மாமா.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளை விரட்டுவது. பளபளவென்று இருக்கும் எதையும் அவை தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு குரங்கு ஓட்டுமேல் உட்கார்ந்து, நைனா பிரிப்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. "அதுக்கும் லைசென்ஸ் இருக்குது போல," என்று மாமா சொன்னபோதுதான் அன்றைக்கு நைனா முதன்முதலாகச் சிரித்தார்.

மரம் அறுக்கும் பாய் ஒருவரிடம் செயின் பிளாக் வாங்கி வந்து, புளியங்கிளையில் மாட்டி, ஹெட்டைத் தூக்கி இறக்கினார்கள். உள்ளே பழைய கேஸ்கட் ஓர் இடத்தில் கருகிப் போயிருந்தது. நைனா குளித்துவிட்டு விழுப்புரம் போனார். புதுக் கேஸ்கட்டை அட்டை வைத்துக் கட்டி, பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல், அது வளைந்துவிடப் போகிறதே என்று நின்றுகொண்டே தூக்கி வந்தார். வந்ததும் அம்மாவிடம் கொடுத்தார்.

"சாமிகிட்ட வெய்யி. மாட்டும்போது எடுத்துக்கறேன்."

எங்கள் வீட்டுச் சாமி மலையனூர் அங்காளம்மன். அமாவாசை தவறாமல் அம்மா போய் வருவாள். வீட்டுக்குள் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு பொழுதாவது இருந்துவிட்டுத்தான் புழக்கத்துக்கு வரும். அதற்கு மஞ்சளும் வைக்க வேண்டும். புதுத் துணி என்றால் ஓரத்தில், அதுவும் வெளியே தெரியாத பக்கமாக, உடம்பில் படுகிற இடமாகப் பார்த்து வைப்பாள். கல்லில் இழைத்த மஞ்சள். நல்ல காரியம் எதுவானாலும் அந்த மஞ்சளின்மேல் ஓர் அரிசியை ஒட்டி வைப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். முறத்துக்கும் வைப்பாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்கும் வைப்பாள். நானும் இன்றுவரை வைக்கிறேன்.

நைனா சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தகட்டுல எந்தப் பக்கம் எஞ்சின்மேல படும்?"

"எழுத்து போட்ட பக்கம் மேல வரும். இன்னொரு பக்கந்தான் கீழ ஒக்காரும்," என்றார் நைனா. ஏன் கேட்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. கையில் உருட்டிய சோற்றை வாயில் போடக்கூட அவருக்கு நேரம் பிடித்தது.

அம்மா கேஸ்கட்டைக் கவிழ்த்து வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் அரிசி. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய உதடுகள் அசைந்ததைப் பார்த்துக்கொண்டு நானும் கும்பிட்டேன்.

நைனா அதை மாட்டும்போது பொழுது இறங்கிவிட்டது. எழுத்து எங்கே என்று தடவிப் பார்த்தார், மேலே வருகிறமாதிரி வைத்தார், ஹெட்டை இறக்கினார். பிறகு நட்டு முறுக்கும் வேலை. அது ஒரு கணக்கு. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் விலகி விலகிப் போக வேண்டும். ஒரே நட்டை ஒரே மூச்சில் முறுக்கிவிடக் கூடாது. பந்தியில் பரிமாறுகிற மாதிரி, எல்லாருக்கும் கொஞ்சம் வைத்துவிட்டு மறுபடியும் முதல் இலைக்கு வர வேண்டும். மாமா ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி நீட்டிக் கொடுக்க, நைனா அதைப் பிடித்துத் தொங்கினார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாமா, "ரைட்" என்றார். அது அவருக்குப் பழகிய வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி கிளம்பியது. அம்மா சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தாள். காலிமனை முழுக்கப் புகை. தெருப்பிள்ளைகள் எல்லாரும் கத்தினோம். நைனாவும் மாமாவும் அவலூர்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். அம்மா பருப்பு வேகவைத்துப் பாயசத்துக்கு வெல்லம் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் லாரி வந்தது. முன்னால் வேறொரு லாரி. அதன் பின்னால் கயிறு கட்டி எங்கள் லாரி.

நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுத்து வந்தவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இது எதுக்குய்யா ஒனக்கு? ரெண்டு மாடு வாங்கிக்க. அதுங்களும் தண்ணி குடிக்கும், ஆனா நடக்கும்," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நைனா அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். பிறகு லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சி?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"மேடு ஏறச்சொல்லோ கொதிச்சிடுச்சிக்கா. திரும்ப அதே எடம்தான் போல."

பாயசத்தை நானும் தெருப்பிள்ளைகளும் குடித்தோம். பெரியவர்கள் யாரும் தொடவில்லை.

எஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்து, சாயங்காலம் மறுபடியும் பிரித்தார்கள். ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. நட்டு ஒன்று கை தவறி எஞ்சினுக்கடியில் போயிற்று. அதை எடுக்க நைனா மண்ணில் குப்புறப் படுத்தார். படுத்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

ஹெட்டைத் தூக்கினார்கள். நைனா கேஸ்கட்டை எடுத்துத் திருப்பினார்.

ஒரு மூலையில், தண்ணீர் போகிற ஓட்டையின் ஓரத்திலேயே, மஞ்சள் கருகிப் பழுப்பாக அப்பியிருந்தது. நடுவில் அந்த அரிசி நசுங்கித் தீய்ந்துபோயிருந்தது. அது இருந்த இடத்தில் தகடு சரியாக உட்காரவில்லை. அங்கிருந்துதான் தண்ணீர் வழி கண்டுபிடித்து உள்ளே போயிருந்தது. போன தடம்கூடத் தெரிந்தது. நைனா கட்டைவிரலால் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா டீ எடுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். மாமா கீழே உட்கார்ந்து மண்ணெண்ணெயில் நட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, ஆப்ட்டுதா?" என்றார் மாமா.

நைனா கட்டைவிரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆப்ட்டுது. ஓரத்து நட்டு. நான்தான் சரியா முறுக்கல."

"நான் அப்பவே சொன்னனா இல்லியா? இன்னொரு தபா சுத்திப் பாத்துடலாம்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"வயசாவுது மாமா ஒனக்கு. கையில முறுக்கு போயிடுச்சி."

"ஆமா மாப்ள. போயிடுச்சி."

வளைந்துவிடப் போகிறதே என்று விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே கொண்டுவந்த கேஸ்கட்டை நைனா இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். பேப்பரில் சுற்றி லாரி சீட்டுக்கு அடியில், குடங்களுக்குப் பின்னால் தள்ளினார். அம்மா அதுவரை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"டீ ஆறிப்போவுது," என்றாள்.

அன்று விளக்கேற்றிய பிறகு அம்மா படத்துக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். லாரிக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நைனா பரண்மேலிருந்து ரெக்சின் பையை இறக்கித் தூசி தட்டி வைத்ததை அவள் பார்த்தாளா என்று தெரியாது. நான் பார்த்தேன். பம்பாய்க்குப் போகிற பை அது.

மறுநாள் மாமா டூட்டிக்குப் போனார். போகிற வழியெல்லாம், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், தன்னுடைய பஸ்ஸிலே ஏறினவர்களிடம்கூட, "எங்க மாமா நட்டு முறுக்கின லட்சணம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. சொல்லாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க அது பரவிவிட்டது. நைனா பீடி வாங்கப் போனபோது கடைக்காரர், "டிரைவரே, தீப்பெட்டியையாவது தொறப்பியா, நான் தொறந்து குடுக்கட்டுமா?" என்று கேட்டார். இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவர் நைனா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கை என் கையை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. "நீயே தொறந்து குடுப்பா," என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

மஞ்சளைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மஞ்சளால் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நைனா நட்டைச் சரியாக முறுக்கவில்லை, அவரே சொல்லிவிட்டார், அதனால் லாரி கொதித்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா கடைசி டிரிப்பில் புதுக் கேஸ்கட் கொண்டுவந்தார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிப் பத்திரமாகத்தான் கொண்டுவந்திருந்தார். நைனா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"சாமிகிட்ட வெய்யி."

அம்மா கை நீட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தத் தபா வேணாங்க. அப்படியே மாட்டிடுங்க."

"ஏன், சாமி மேல கோவமா? நான் முறுக்காததுக்கு அம்மன் இன்னா செய்யும்? வெய்யி. மஞ்சளும் வெய்யி."

அவர் அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. உப்பு கேட்கிற மாதிரி கேட்டார். அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு மஞ்சள் வைத்தாள். இந்த முறை விரலால் அப்பவில்லை. நகத்தின் நுனியால் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்கிறமாதிரி வைத்தாள். அரிசி வைக்கவில்லை.

"அரிசி வெக்கலியாம்மா?"

"அரிசி தீந்துபோச்சி," என்றாள்.

அரிசிப் பானை கழுத்துவரை இருந்தது. மத்தியானம் அதிலிருந்துதான் அளந்து போட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நைனா வந்து கேஸ்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப்போனார். மாமா செயின் பிளாக் வாங்கிவரப் போயிருந்தார். நான் குரங்கு விரட்டும் குச்சியோடு லாரியின் அந்தப் பக்கம் போனேன். நைனா வீட்டுக்கு முதுகு காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கேஸ்கட் கவிழ்ந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு மூலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தூங்குகிற குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதனம். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தார். சூரியனுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். அம்மா வைத்த மஞ்சள் சுத்தமாக இல்லை.

அம்மன் பொட்டை அழித்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"குரங்கு வருது பாரு பாப்பா," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். குரங்கு எதுவும் இல்லை.

இந்த முறை முறுக்கி முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் முறுக்கினார்கள். மாமா ஒவ்வொரு நட்டையும் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்து, "இப்ப ரைட்" என்றார். நைனா அவரைத் தொடவிட்டார். புதன்கிழமை விடிந்ததும் லாரி அவலூர்பேட்டைக்குப் போனது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன நடத்தினார் என்று தெரியாது. ஜன்னல் வழியாக ரோடு தெரியும். லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் கயிறு கட்டி இழுத்து வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். மஞ்சள் வைத்தும் கொதித்த லாரி, மஞ்சளை அழித்த பிறகு வெடித்துச் சிதறாமல் இருக்குமா? அம்மனிடம் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நைனா தெரியாமல் செய்துவிட்டார், மூட்டையெல்லாம் இறக்குகிறவரையாவது பொறுத்துக்கொள் என்று.

சாயங்காலம் லாரி தானாகவே வந்தது. லோடை மில்லில் இறக்கிவிட்டு, காலி வண்டியாக, வழியில் எங்கும் நின்று தண்ணீர் குடிக்காமல் வந்தது. மண்டிக்காரர் மறுநாளும் வரச் சொன்னாராம். பருவம் முடிகிறவரை வரச் சொன்னாராம். நைனா இறங்கித் தொட்டியடிக்குப் போனார். ரெக்சின் பையைத் தேடினேன். அது எப்போதோ பரணுக்கு ஏறிவிட்டிருந்தது. ஏற்றியது யார் என்று தெரியவில்லை.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, நைனா மஞ்சள துடைச்சிட்டாரும்மா. நேத்து. மண்ணெண்ண துணியால. நான் பாத்தேன்."

அம்மா குழம்பில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. வெளியே நைனா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அம்மா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"தெரியும். மெதுவா பேசு. அவரு காதுல வுழுந்துடப் போவுது."

துடைத்தவரே அவர்தானே. அவருக்குக் கேட்டால் என்ன?

நைனா சாப்பிட உட்கார்ந்தார். மூன்று நாளாகச் சோற்றைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தவர், அன்றைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"எல்லாம் நீ வெச்ச மஞ்சள்தான்," என்றார்.

"ஆமா," என்றாள் அம்மா, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்கள். அம்மன் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் கூசாமல் பொய் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, சண்டை முடிந்தவர்கள் மாதிரி அவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள். அம்மன் இருவரையும் தண்டித்துவிடக் கூடாதே என்று பயந்து, அவர்கள் பார்க்காத நேரத்தில் படத்தைப் பார்த்து, அவர்களுக்குப் பதிலாக நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.